தரையும் நாற்காலியும்: சென்னை வயலின் கடந்த எல்லைகள்

1986இல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' ஒலிநாடாவாகக் கடைகளுக்கு வந்தபோது அதை எந்த வரிசையில் அடுக்குவது என்று கடைக்காரருக்கே குழப்பம் வந்திருக்கும். அது சினிமாப் பாட்டு இல்லை. பாடகரும் இல்லை, பாடல் வரியும் இல்லை. கச்சேரி என்றும் சொல்ல முடியாது. தியாகராஜருக்கும் யோகான் செபாஸ்டியன் பாக்குக்கும் சேர்த்துக் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு அது. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற பகுதியில், பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் தொடக்க இசை எடுத்தாளப்பட்டிருக்கிறது. சில நிமிடங்கள் தள்ளி, கர்நாடக ராகத்தின் அசைவுகளோடு வயலின் தனியாகப் பேசுகிறது.

இசையமைப்பாளரைப் பற்றி இந்த நாற்பது ஆண்டுகளில் நிறையப் பேசியாகிவிட்டது. அந்தத் தொகுப்பின் தனி வயலினை வாசித்த வி.எஸ்.நரசிம்மனைப் பற்றிய பேச்சு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

இசை வகைகளைக் கடக்கும் வயலின் கலைஞர் என்றதும் நமக்கு 'ஃப்யூஷன்' மேடை நினைவுக்கு வரும்: ஒரு பக்கம் டிரம்ஸ், ஒரு பக்கம் மிருதங்கம், நடுவில் வயலின். அந்த மேடையில் கலைஞரின் துணிச்சல் தெரியும். அதற்குப் பின்னாலுள்ள உழைப்பு தெரியாது. வயலினில் ஒரு மரபிலிருந்து இன்னொன்றுக்குப் போக ரசனை விரிந்தால் மட்டும் போதாது. உட்காரும் விதம், தந்தியைச் சேர்க்கும் விதம், வில்லோட்டம், விரல் நகரும் முறை, பாடத்தை நெஞ்சில் வைப்பதா தாளில் படிப்பதா என்பது வரை எல்லாம் மாறவேண்டும். அந்த உழைப்புக்கு ஆசிரியர் வேண்டும், சம்பளம் தரும் வேலை வேண்டும், குறை கண்டுபிடிக்கும் ரசிகரும் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவை எல்லாமே சென்னையின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் கிடைத்தன. மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களிலிருந்து கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் ஒலிப்பதிவுக் கூடங்கள் பத்துக் கிலோமீட்டர் தூரத்துக்குள்தான். பல கலைஞர்களுக்குக் காலையில் ஒரு நாற்காலி, மாலையில் ஒரு ஜமக்காளம்.

கடன் வாங்கிய கருவி

வயலின் இங்கு வந்ததே ஓர் எல்லை கடத்தல்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858), குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் இருந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார் என்பது சங்கீத உலகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் வரலாறு. அண்ணன் அதே காலத்தில் கேட்ட மேற்கத்திய மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதச் சாகித்தியம் அமைத்தார். அவற்றைத்தான் 'நோட்டுஸ்வரம்' என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டில் அமைந்த 'சந்ததம் பாஹிமாம்' அவற்றில் ஒன்று. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடமிருந்து 1834இல் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசாகப் பெற்றார். அதற்குப் பிறகு நூறாண்டுக்குள் அந்நியக் கருவி என்ற நினைவே போய்விட்டது. குரலுக்கு மிக நெருங்கிய பக்கவாத்தியம் அதுவே என்றானது. துவாரம் வெங்கடசுவாமி நாயுடு போன்றவர்கள் அதைத் தனிக்கச்சேரிக்கும் உரியதாக்கினார்கள்.

கருவி நம்முடையதானபோது அதன் பழைய வழக்கங்கள் கழன்றன. எல்லை கடக்க நினைத்த பிற்காலக் கலைஞர்கள் அந்த வழக்கங்களை மறுபடி தேடிப்போய்க் கற்க வேண்டியிருந்தது.

கை எங்கே இருக்கிறது?

கச்சேரி வயலின்காரர் சம்மணமிட்டு உட்காருகிறார். வயலினின் அடிப்பக்கம் தோளிலோ மார்பிலோ சாய்ந்திருக்கும். சுருள் முனை வலது கணுக்காலில் ஊன்றியிருக்கும். கருவியின் பாரம் முழுவதையும் உடம்பு தாங்கிக்கொள்வதால் இடது கைக்குத் தாங்கும் வேலையே இல்லை. அந்தக் கை தந்தியின் மேல் மேலும் கீழும் வழுக்கிப் போகலாம். ஒரு விரலோ இரண்டு விரலோ கொண்டு ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைத்துச் செல்லும் கமகம் அந்த விடுதலையிலிருந்து வருகிறது.

மேற்கத்திய முறையில் வாசிப்பவர் நாற்காலியில் உட்காருகிறார் அல்லது நிற்கிறார். கருவி தாடைக்கும் தோளுக்கும் இடையில் இருக்கும். இடது கட்டைவிரல் கழுத்துப் பகுதியை ஒட்டி நிற்க, கை படிப்படியாக இடம் மாறும். நான்கு விரலும் அதனதன் இடத்தில் துல்லியமாக விழவேண்டும். வழுக்கல் அங்கே அளவோடு பயன்படும் அலங்காரம்.

தந்தி சேர்ப்பதும் வேறு. அங்கே ஜி, டி, ஏ, இ என்று நான்கு தந்திக்கும் நிலையான உயரம் உண்டு. இங்கே பாடகரின் கட்டைக்கு ஏற்றபடி ச-ப-ச-ப என்று சேர்க்கிறோம். ஒரு கட்டையில் பாடுபவருக்கும் ஐந்து கட்டையில் பாடுபவருக்கும் ஒரே வயலின் வேறு வேறு முறுக்கத்தில் பேசும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சுரம் என்றால் என்ன என்பதிலேயே வேறுபாடு. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். அது ஒரு புள்ளியில் நிற்பதில்லை. கீழே ரிஷபத்தின் பக்கமும் மேலே மத்தியமத்தின் பக்கமும் அசைந்துகொண்டே இருந்தால்தான் காந்தாரம். விரலை ஓரிடத்தில் நிறுத்தி அழுத்தமாக வாசித்தால் சுருதி சரியாக இருக்கும், தோடி இருக்காது. இதன் கீழே நான்கு சுரங்கள் சேர்ந்த மேற்கத்திய இசைவு ஒன்றை வைக்கச் சொன்னால், எதன் மேல் வைப்பது? மிதக்கும் ஒலிக்கு அடித்தளம் போடும் இந்தச் சிக்கலை எப்படித் தீர்க்கிறார் என்பதே எல்லை கடக்கும் கலைஞரைச் சோதிக்க நல்ல இடம். நாலு ராகத்தை டிரம்ஸோடு வாசிப்பதில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை.

இரண்டு மரபு, ஒரே வில்: எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன்

இந்தச் சோதனையை வடக்கும் தெற்கும் சந்திக்கும் இடத்தில் எதிர்கொண்டவர் எம்.எஸ்.ஜி. என்று ரசிகர்கள் அழைத்த எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன். 1931இல் மயிலாப்பூரில் பிறந்தவர். தந்தை பரூர் சுந்தரம் ஐயர் பம்பாயில் விஷ்ணு திகம்பர் பலூஸ்கரின் இசை வட்டத்தில் இருந்து இந்துஸ்தானி இசையையும் நன்கு அறிந்தவர். வீட்டிலேயே இரண்டு மரபும் புழங்கின. அண்ணன் எம்.எஸ்.அனந்தராமனும் அதே பள்ளி. கோபாலகிருஷ்ணன் கர்நாடக வித்துவான்களுக்குப் பக்கம் வாசித்ததோடு, ஓம்கார்நாத் டாகூர் போன்ற இந்துஸ்தானிப் பாடகர்களோடும் அமர்ந்தார்.

வேறு மரபில் வளர்ந்த பாடகருக்கு அவர் மொழியிலேயே மறுமொழி சொல்வது எளிதல்ல. இந்துஸ்தானி விளம்பித கயாலில் ஒரே சுரத்தை நீண்ட நேரம் தாங்க வேண்டும். வில்லின் ஒரே இழுப்பில் ஒலி தடிக்கவும் மெலியவும் வேண்டும். கீர்த்தனையில் சாகித்தியத்தின் எழுத்துக்கு ஏற்ப வில் வெட்ட வேண்டும். எம்.எஸ்.ஜி.யின் வில் இரண்டையும் செய்தது. ஒரே தந்தியில் மூன்று ஸ்தாயி தாவும் விரலோட்டம் 'பரூர் பாணி'யின் அடையாளமாகவே ஆனது.

அவரிடம் கவனிக்க வேண்டியது, அவர் இரண்டையும் கலக்கவில்லை என்பதுதான். இந்துஸ்தானி வாசித்தால் அது இந்துஸ்தானி. கர்நாடகம் வாசித்தால் அது கர்நாடகம். வடக்கிலும் தெற்கிலும் காது கூர்ந்த ரசிகர் அவரைத் தம்மவராகவே ஏற்றார்கள். மியூசிக் அகாடமி 1997இல் சங்கீத கலாநிதி அளித்தது. 2012இல் பத்மபூஷண் வந்தது. 2013 ஜனவரியில் அவர் மறைந்தார். மகள் எம்.நர்மதா அந்த இரட்டைப் பயிற்சியை இன்றும் மேடையில் காட்டுகிறார்.

நாற்காலியின் பள்ளி

சினிமா ஒலிப்பதிவுக் கூடம் இன்னொரு வகைப் பள்ளி. அதன் பாடத்திட்டத்தை யாரும் அச்சடிக்கவில்லை. வயலின் பிரிவில் பத்து, இருபது பேர் வரிசையாக நாற்காலியில். ஒவ்வொருவர் முன்னும் ஒரு ஸ்டாண்டு. அதில் அன்றைக்கு எழுதிய நொட்டேஷன், இன்னும் மை காயாமல். ஒருமுறை ஒத்திகை, பிறகு 'டேக்'. ஒருவர் ஓரிடத்தில் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பல தடங்களில் தனித்தனியாகப் பதிந்து ஒட்டும் வசதி பரவுவதற்கு முன் இதுதான் நடைமுறை. பார்த்த மாத்திரத்தில் படிக்கத் தெரியாதவருக்கு அங்கே வேலை இல்லை.

இந்தப் படிப்பைச் சொல்லிக்கொடுத்தவர்கள் சபா உலகத்துக்கு அதிகம் தெரியாதவர்கள். மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் தங்கி மேற்கத்திய இசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டர் அவர்களில் முதன்மையானவர். இளையராஜா அவருடைய மாணவர். கச்சேரி மரபின் கோட்டை என்று நாம் சொல்லும் மயிலாப்பூரில்தான் பாக்கும் மொஸார்ட்டும் பாடமானார்கள் என்பது நம் இசை வரலாற்று நூல்களில் போதிய இடம் பெறாத செய்தி.

நரசிம்மனின் வழியும் இப்படிப்பட்டது. கர்நாடக இசையில் தொடங்கியவர், பிறகு சென்னையில் இருந்த ஏட்ரியன் லார்மண்ட் என்ற வயலின் ஆசிரியரிடம் மேற்கத்திய முறையைக் கற்றார். லார்மண்டும் வெறும் ஆசிரியர் இல்லை. மனைவி காத்லீன் லார்மண்டோடு சேர்ந்து சென்னை நகரத்தின் நூறாண்டு இசை வாழ்வை ஆராய்ந்து 1983இல் கட்டுரை வெளியிட்டவர். மாணவர் மேற்கைக் கற்ற ஊரிலேயே ஆசிரியர் கிழக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

நரசிம்மன் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்ததோடு நிற்கவில்லை. கே.பாலசந்தரின் 'அச்சமில்லை அச்சமில்லை' (1984), 'கல்யாண அகதிகள்' (1985) படங்களுக்கும் 'ரயில் சிநேகம்' தொலைக்காட்சித் தொடருக்கும் இசையமைத்தார். 'ஆவாரம்பூவு' பாட்டை முணுமுணுத்தவர்கள் ஏராளம். அதை அமைத்தவர் இளையராஜா இசைக்குழுவின் முன்வரிசை வயலின்காரர் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

1993இல் அவர் தொடங்கிய மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்தான் முன்பு சொன்ன தோடிக் காந்தாரச் சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ: ஹைடன் காலத்திலிருந்து ஐரோப்பாவில் நிலைத்த அமைப்பு. செல்லோவில் வி.ஆர்.சேகர், செல்லோவைக் கர்நாடக மேடைக்கும் கொண்டுவந்தவர். கீர்த்தனையை முதல் வயலின் கமகத்தோடு பாடுவதுபோல் வாசிக்கும். மற்ற மூன்று கருவிகளின் இசைவுகள் அந்த ராகத்துக்குரிய சுரங்களிலிருந்தே எழவேண்டும் என்பது நரசிம்மன் வைத்துக்கொண்ட ஒழுங்கு. மேற்கத்திய இலக்கணத்துக்கு எளிதாக இருக்கிறது என்பதற்காக ராகத்தில் இல்லாத ஒரு சுரத்தை உள்ளே விட முடியாது. இதனால் இசைவு ஏழ்மையாகும் ஆபத்து உண்டு. சில இடங்களில் ஆகவும் செய்கிறது. ஆனால் ராகம் கெடவில்லை. வாசிப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், காது தரையில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வீடு

வெளியுலகம் நன்கு அறிந்த கிளை வேறொன்று. வி.லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்தவர். 1958 இனக்கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னைக்கு வந்தது. எல்.வைத்தியநாதன், எல்.சுப்ரமணியம், எல்.சங்கர் என்ற மூன்று மகன்களும் 'வயலின் மூவர்' என்று சேர்ந்து வாசித்து, பிறகு மூன்று திசையில் போனார்கள்.

மூத்தவர் வைத்தியநாதன் சென்னையிலேயே நின்றார். பாரதியின் பாடல்களைக் கொண்ட 'ஏழாவது மனிதன்' (1982), சங்கர் நாகின் 'மால்குடி டேஸ்' தொலைக்காட்சித் தொடர், வசனமே இல்லாத 'பேசும் படம்' (1987) ஆகியவற்றுக்கு இசை அவருடையது. சுப்ரமணியம் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்று, பிறகு கலிபோர்னியாவில் மேற்கத்திய இசை படித்தார். 1985இல் அவருடைய 'ஃபேன்டசி ஆன் வேதிக் சான்ட்ஸ்' படைப்பை சுபின் மேத்தாவின் தலைமையில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் வாசித்தது. சிம்பொனி இசைக்குழுவின் நாற்காலிகளுக்கு நடுவே மேடை போட்டு அதில் சம்மணமிட்டு உட்காருவது அவருடைய வழக்கம்.

இளையவர் சங்கர் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடு சேர்ந்து எழுபதுகளின் நடுவில் 'சக்தி' குழுவை உருவாக்கினார். தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம். அந்தக் குழுவில் தரைக்கு இறங்கி வந்தவர் மேற்கத்தியர். மெக்லாஃப்லின் சம்மணமிட்டு வாசித்தார். தந்தியை இழுத்து வளைத்துக் கமகம் தருவதற்காகத் தம் கிதாரின் கட்டைகளுக்கு இடையிலான மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிக்கொண்டார். சங்கர் பின்னாளில் பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினைச் செய்வித்து, வயலினிலிருந்து டபுள் பேஸ் வரைக்குமான ஒலி எல்லையை ஒரே கருவியில் கொண்டுவந்தார். எல்லை கடக்கும்போது உடம்பும் கருவியும் மாறவேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கூட்டத்தை நோக்கி ஒரு கடத்தல்

இதுவரை சொன்னவர்கள் மரபுகளைக் கடந்தார்கள். குன்னக்குடி வைத்தியநாதன் (1935–2008) ரசிகர்களின் வகையைக் கடந்தார். பன்னிரண்டு வயதில் பாடகர் அரியக்குடிக்குப் பக்கம் வாசித்தவர், 1976க்குப் பின் பக்கவாத்தியத்தை விட்டுத் தனிக்கச்சேரியே போதும் என்று முடிவெடுத்தார். வலையப்பட்டி சுப்ரமணியத்தின் தவிலைச் சேர்த்துக்கொண்டார். 'வா ராஜா வா', 'திருமலை தென்குமரி', 'அகத்தியர்', 'ராஜராஜ சோழன்' என்று ஏ.பி.நாகராஜன் படங்களுக்கு இசை தந்தார். மதுரை சோமு பாடிய 'மருதமலை மாமணியே' இவர் அமைத்தது.

அவருடைய வயலின் சாகித்தியத்தின் சொற்களையே உச்சரிப்பதுபோல் கேட்கும். கோயில் திருவிழாவில் மண்தரையில் உட்கார்ந்திருக்கும் ஜனத்துக்கு ராகத்தின் பெயர் தெரியாது, பாட்டு தெரியும். அவர்களுக்கு அது போதும். சபா விமரிசகர்கள் இதை வித்தை காட்டுதல் என்றார்கள். அந்தக் குறையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது: ரயிலின் சத்தமும் பறவையின் குரலும் அவர் வயலினில் வந்த இடத்தில் ராகம் ஒதுங்கி நின்றதுண்டு. ஆனாலும் திருவையாறு தியாகப்பிரம்ம மகோற்சவ சபையின் செயலாளராகப் பல்லாண்டு இருந்தவரும் அவர்தான். மரபின் உள்ளறையில் பொறுப்பும் வாசலில் கூட்டமும் ஒருசேர அமைந்த வயலின்காரர் அவரைப்போல் இன்னொருவர் இல்லை.

தாளில் போவதும் போகாததும்

2005இல் இளையராஜாவின் 'திருவாசகம்' வெளிவந்தது. அதில் வாசித்தது ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு. ஹங்கேரியிலும் வயலின் எல்லை கடந்த கருவிதான்: கிராமத்து நடனம், ஜிப்சிக் குழுக்கள், இசைக்கல்லூரி மூன்றிலும் அது ஊறிய நாடு. அந்நாட்டு இசையமைப்பாளர் பார்டோக் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடி ஊரூராகப் போனவர். 1938இல் 'கான்ட்ராஸ்ட்ஸ்' என்ற படைப்பை அவர் எழுதியது ஹங்கேரிய வயலின் மேதை யோசெஃப் சிகெட்டிக்கும் அமெரிக்க ஜாஸ் கலைஞர் பென்னி குட்மனுக்கும் சேர்த்து.

திருவாசகத்தைப் பாடிய மாணிக்கவாசகரை அறியாத அந்தப் புடாபெஸ்ட் கலைஞர்கள் தாளில் எழுதியதை அழகாக வாசித்தார்கள். எழுதிய சுரம் கடல் கடந்து போய்விடும். இரண்டு சுரங்களுக்கு நடுவில் இருப்பது போவதில்லை. அதைக் கைவசம் வைத்திருப்பவர் நேரில் வாசித்தால்தான் உண்டு. நரசிம்மன் போன்றவர்களின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. தாளையும் படிப்பார்கள், தாளில் இல்லாததையும் வாசிப்பார்கள்.

யாருக்கு நினைவு, யாருக்கு மறதி

பல வகை வாசிக்கிறார் என்பது பெருமை ஆகாது. போன இடம் ஒவ்வொன்றிலும் அந்த இடத்தின் கண்டிப்பான ரசிகர் அவரை ஏற்கிறாரா என்று பார்க்க வேண்டும். இந்த அளவுகோலில் எம்.எஸ்.ஜி. முழுமையாகத் தேறுகிறார். நரசிம்மன் தேறுவதோடு, இரண்டு இலக்கணமும் மோதும் இடத்தில் விடை ஒன்றையும் முன்வைக்கிறார். சுப்ரமணியமும் சங்கரும் உலக மேடையில் தேறினார்கள். ஆனால் மார்கழி மேடை அவர்களை விருந்தாளியாகவே பார்த்தது. குன்னக்குடியைச் சபா அரைமனதாகவும் ஊர் முழுமனதாகவும் ஏற்றது.

ஆனால் இந்த நினைவுப் பட்டியலில் இல்லாதவர்களே அதிகம். அந்தக் காலத்து ஒலிநாடா அட்டைகளில் பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர் இருக்கும். முன்வரிசை வயலின் யார், எதிர்மெட்டு வாசித்த இரண்டாம் வரிசை யார் என்று பெரும்பாலும் இருக்காது. தொண்ணூறுகளுக்குப் பின் கணினி ஒலிகள் வந்து வயலின் வரிசைகள் சுருங்கின. எழுபது, எண்பதுகளில் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். எந்தப் பாட்டில் யார் வாசித்தார், யாரிடம் கற்றார், கச்சேரிக் கையை ஸ்டூடியோக் கையாக எப்படி மாற்றிக்கொண்டார் என்பதெல்லாம் அவர்களோடு போய்விடக் கூடிய செய்திகள்.

டிசம்பரில் மியூசிக் அகாடமியில் காலை நேரச் செயல்முறை விளக்கங்கள் நடக்கின்றன. தியாகராய நகர், மயிலாப்பூர் சபாக்களுக்கும் அரங்கு இருக்கிறது. இசைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆய்வுத் தலைப்பு தேவைப்படுகிறது. ஒலிப்பதிவுக் கூட வயலின் கலைஞர்களை அழைத்து, கருவியோடு உட்காரவைத்து, பேசவைத்துப் பதிவுசெய்யும் வேலையை இந்த மார்கழியிலேயே தொடங்க வேண்டும்.